கண்டி மலைச்சரிவு வீடுகளிற் கற்படியும் நடைபாதையும்

கண்டி நகரத்தைச் சூழ்ந்த குன்றுகளில் வாழ்கின்றவர்களுக்கு வீடு வாசற்கதவில் தொடங்குவதில்லை. றோட்டின் ஓரத்திலே, முதற் படியிலேயே தொடங்கிவிடுகிறது. பைரவகந்தையிலும் அனிவத்தையிலும் அம்பிட்டியிலும் ஹந்தானை அடிவாரத்திலும் எத்தனையோ வீடுகளுக்கு வாகனம் வந்து சேரும் இடம் ஒன்றாகவும், மனிதர் வந்து சேரவேண்டிய இடம் அதற்கு இருபது அடி மேலேயோ கீழேயோ வேறொன்றாகவும் இருக்கிறது. அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையும், வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்படும் நோயாளியும், மணப்பெண்ணும், கடைசியிற் பாடையும் அந்தப் படிவழியாகவே ஏறி இறங்கவேண்டியிருத்தலின், அதனைத் தோட்டத்து அலங்காரமாக மட்டும் கருதுவது பெரும் பிழையாகும். இயற்கைக் கல்லால் இவ்வழியை அமைக்க விரும்புகின்றவர்கள் எந்தக் கல்லைத் தேர்வது, எந்த அளவிற் படியை வைப்பது, மண்ணிலே நேராகப் பதிப்பதா, சீமெந்திட்டுக் கட்டுவதா, வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றை முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை யாவற்றிற்கும் அடியில் நிற்கும் ஓர் உண்மையையும் முதலிலேயே கூறிவிடுவது நன்று: கண்டிச் சரிவிற் கற்படி என்பது முதலாவதாக ஒரு நீர்வேலை, இரண்டாவதாகவே அது ஒரு நடைவழி. மழைநீருக்கு வழி சொல்லாமற் காலுக்கு வழி அமைத்தவர்களுடைய படிகள், எவ்வளவு விலையுயர்ந்த கல்லால் அமைந்தனவாயினும், சில மாரிகளுக்குள்ளேயே நிலைகுலைந்துவிடுகின்றன.

இப்பிரதேசத்துக்குக் கல்வேலை புதிதன்று. பேராதனையை அடுத்த உடுநுவரையில் பன்ஹல்கல என்னும் பாறையின்மீது 1344ஆம் ஆண்டு, நான்காம் புவனேகபாகு காலத்தில் எழுந்த லங்காதிலக விகாரைக்குச் செல்லுகின்றவர் பாறையிலேயே வெட்டப்பட்ட படிகளில் ஏறுகின்றார். அவ்விகாரைக்கு அளிக்கப்பட்ட தானங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் பொறித்த சாசனங்களும் அப்பாறையிலேயே இருக்கின்றன. அதே ஆண்டில், அதற்கு அண்மையில், கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரியின் தலைமையில் கருங்கல்லால் எழுந்த கடலாதெனிய விகாரையும் பாறைமீதே அமர்ந்திருக்கிறது. படிகளைத் தனியே கொண்டுவந்து மண்ணின்மேல் அடுக்குவதிலும், அசையாத பாறையைத் தேடி அதிலேயே படியை வெட்டுவதில் அக்காலத்தோர் கொண்டிருந்த நாட்டம், அடித்தளத்தின் அருமையை அவர்கள் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. பிற்காலக் கண்டி இராச்சியத்திலோ படியின் முகப்பிலே பதிக்கப்படும் சந்திரவட்டக்கல் அநுராதபுரத்து அரைவட்ட வடிவத்தை விட்டு ஏறக்குறைய முக்கோண வடிவம் பெற்றது; சிறிய வாசலாயினும் முதற் படிக்கு ஒரு கௌரவம் அளிக்கவேண்டும் என்னும் எண்ணம் மாத்திரம் மாறவில்லை.

அரசர்களுடைய வேலையை அடுத்து நினைக்கத்தக்கது, பெயர் பொறிக்கப்படாத தொழிலாளருடைய வேலையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிருக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னர் அதற்காகவும் மலைச்சரிவுகள் வெட்டித் திருத்தப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் சரிவின் குறுக்கே கான் வெட்டினார்கள். காட்டுக்கற்களை அடுக்கிக் கல்லணை கட்டினார்கள். லயங்களுக்கும் மலைகளுக்கும் இடையே படிகள் வைத்தார்கள். சீமெந்து ஒரு சட்டிகூட இன்றி, கல்லின்மேற் கல் பொருந்துமாறு அடுக்கி, இடுக்கில் நீர் கசிந்து போக விட்டுவைத்த அவ்வணைகள் பல தோட்டங்களில் இன்றும் நிற்கின்றன. மேலிருந்து வரும் நீரைக் கானிலே திருப்பிவிட்டு, அதன்பின்னரே கல்லை அடுக்குவது என்ற அவர்களுடைய வரிசை முறையே, இன்றைய வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும் தலையாய பாடமென்பது எனது துணிபு.

சரிவை எதிரியாகக் கருதாமல் அதனோடு இணங்கிக் கட்டுவதற்கு நவீன காலத்திலும் கண்டியில் ஒரு முன்மாதிரி உண்டு. 1918இற் கண்டியிற் பிறந்து, 1948இற் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் உறுப்புரிமை பெற்ற முதல் இலங்கைப் பெண்மணியான மினெட் டி சில்வா, இந்நகரத்திலேயே கருணாரத்தின இல்லத்தைச் சரிவின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்பப் பல மட்டங்களில் அமைத்தார். 1950களில் வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது குடியேறப்போகும் குடும்பங்களுடைய தேவைகளை முதலிற் கேட்டறிந்து, நிலத்தின் வடிவத்தையும் நின்ற மரங்களையும் இயன்றவரை காத்து வீடுகளை வகுத்தார். நிலத்தை ஒரேயடியாக வெட்டிச் சமமாக்கி, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி, அதன்மேற் படியும் மதிலும் எழுப்பும் இக்கால வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால், எந்த முறை மலைக்கு உகந்தது என்பது எளிதில் விளங்கும்.

இனிக் கல்லின் இயல்பைக் காண்போம். கண்டியும் அதன் அயலும் உயர்நிலத் தொகுதி எனப் புவிச்சரிதவியலார் வழங்கும், மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளின்மேல் அமைந்திருக்கின்றன. இங்கே கிடைப்பனவற்றுள் சார்னொகைற்று கருமை கலந்தது, மிகக் கடினமானது, தேய்வதும் நீர் குடிப்பதும் குறைவு, ஆயின் உளிக்கு எளிதில் வசப்படாது. நைஸ் என்னும் வரிப்பாறை வெள்ளையும் கருமையும் மாறி மாறி வரும் பட்டைகளையுடையது. அப்பட்டைகளின் போக்கிலே பிளந்தாற் பலகைபோல வருமாதலால் படிக்கும் பாதைக்கும் பெரிதும் உகந்தது. ஆனால் அபிரகம் மிகுந்த பட்டைகள் மழையில் உரிந்துபோகும். எனவே கல்லை வாங்குகின்றவர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கணீரென ஒலிப்பதை ஏற்று, மந்தமாக ஒலிப்பதை விலக்குவது பழைய மேசன்மாருடைய நல்ல வழக்கமாகும். திகன, மாத்தளைப் பக்கங்களிற் கிடைக்கும் பளிங்குச் சுண்ணக்கல் கண்ணுக்கு இனியதாயினும், மெதுவானது; அமிலம் பட்டாற் கரைவது; வழவழப்பாக்கிப் படியில் இட்டால் மழைநாளில் விபத்துக்கே வழிகோலுவது. கடையில் மெருகேற்றி விற்கப்படும் கிரனைற்றுத் தகடுகள் வரவேற்பறைக்கு உரியன. வானம் பார்த்த படிக்கு அவை உரியனவல்ல.

கல்லைப் போலவே அளவும் கவனத்துக்குரியது. படியின் உயரத்தை இருமடங்காக்கி, அதனோடு மிதிக்கும் பரப்பின் ஆழத்தைக் கூட்டினால் வருவது ஏறத்தாழ 60 முதல் 65 சென்ரிமீற்றராக இருத்தல் வேண்டும் என்பது, பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுக் கட்டடக்கலை ஆசிரியர் பிரான்சுவா புளொந்தெல் மனிதனுடைய அடிவைப்பின் நீளத்திலிருந்து வகுத்த விதியின் வழியாக இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்காகும். வெளிப்படிகளுக்கு உயரம் 15 சென்ரிமீற்றரும் ஆழம் 35 சென்ரிமீற்றரும் கொள்வது நன்று. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். றோட்டிலிருந்து வாசல் 3 மீற்றர் உயரத்திலும் 12 மீற்றர் தூரத்திலும் இருக்கிறதென்றால், இருபது படிகள் வேண்டும். அவை 7 மீற்றர் நீளத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 5 மீற்றரில் ஒன்றரை மீற்றர் நீளமான இரண்டு இளைப்பாறு தளங்களை இடையிலே வைத்து, மீதியைச் சாய்வான நடைபாதையாக விடலாம். ஒரே மூச்சில் இருபது படிகளையும் நேராக அடுக்கிவிடுவதிலும், ஏழு, ஏழு, ஆறு எனப் பிரித்து, தளத்திலே சற்றுத் திருப்பிவிடுவது முதியவர்களுக்குச் சௌகரியமானது. மழைநீரின் வேகத்தை முறிப்பதும் அதுவே.

அகலத்திற் சிக்கனம் செய்தல் ஆகாது. 120 சென்ரிமீற்றருக்குக் குறைந்த படிவழியில் நோயாளியைக் கதிரையில் வைத்து இருவர் பக்கமாக நின்று தூக்கி இறக்குவது கடினம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபாடு இருப்பின் கால் இடறும். ஏனெனில் இரண்டு மூன்று படி ஏறியவுடனே கால் ஓர் அளவைப் பழகிக்கொள்கிறது. பின்னர் கண் அதனைச் சோதிப்பதில்லை. இயற்கைக் கல்லில் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கலாம். படியின் உயரம் அவ்வாறு இருத்தல் கூடாது. சில்லு நாற்காலிக்கு வழி வேண்டுமெனிற் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வு தேவைப்படுமாதலால், 3 மீற்றர் உயரத்துக்கு 36 மீற்றர் நீளமான பாதை வேண்டும். அத்தகைய இடவசதி கண்டியிற் சிலருக்கே வாய்க்கும். வாய்க்காதவர்கள் குறைந்தபட்சம் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் உறுதியான கைபிடி ஒன்றையும், இரவிற் படியின் விளிம்பு தெரியுமாறு விளக்கையும் அமைத்தல் கடமையாகும்.

இப்போது நீரின் விஷயத்துக்கு வருவோம். கண்டியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலைநேரத்து இடிமழை சில மணித்தியாலங்களில் 50 மில்லிமீற்றரைத் தாண்டுவது அபூர்வமன்று. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழையென்பது ஒரு லீற்றர் நீராகுமாதலால், அத்தகைய ஒரு மழையில் 100 சதுர மீற்றர் கூரையிலிருந்து 5,000 லீற்றர் நீர் இறங்குகிறது. பீலியும் கானும் இல்லாத வீட்டில் அந்நீர் முழுவதும் தாழ்ந்த வழியைத் தேடி வந்து படிவழியையே ஆறாக்கிவிடும். கல்லின் அடியிலுள்ள செங்கபில மண் நீரை உறிஞ்சிக் குழைந்து, பின்னர் வெயிலிற் சுருங்கும். கல் ஒரு பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தில் மேலும் நீர் தேங்கும். குளிர்நாட்டு நூல்கள் பனி உறைந்து மண் வீங்குவதைத் தடுக்க ஆழமான அடித்தளத்தை விதிக்கின்றன. கண்டியில் மண் உறைவதில்லையாதலால் அவ்வாழம் வேண்டியதில்லை. ஆயின் அந்நூல்களை அப்படியே பார்த்து வேலை செய்கின்றவர்கள், அவற்றிலே சிறிய இடம் பெற்ற வடிகாலை இங்கே பெரிய இடத்துக்கு உயர்த்த மறந்துவிடுகின்றார்கள்.

ஆகவே வேலையின் ஒழுங்கு பின்வருமாறு அமைதல் வேண்டும். முதலிற் சரிவின் மேற்புறத்திலே குறுக்கே ஒரு கான் வெட்டி, மேல்நிலத்து நீரையும் கூரைநீரையும் படிவழிக்குப் புறம்பே கொண்டுபோய், அயலார் காணியை அரிக்காத இடத்தில் விடவேண்டும். அடுத்து, மேல்மண்ணை நீக்கி உறுதியான மண் வரும்வரை படிப்படியாக வெட்டவேண்டும். கீழே தள்ளி நிரப்பிய மண்ணின்மேற் படி வைப்பது எக்காலத்தும் ஆகாது. வெட்டிய ஒவ்வொரு தட்டிலும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் கனத்துக்குச் சல்லியும் கல்தூளும் கலந்து பரப்பி, சிறிது சிறிதாக இடித்து இறுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கீழேயுள்ள முதற் கல்லே ஏனையவற்றின் பாரத்தையும் தள்ளுதலையும் தாங்குவதாகையால், அதனைப் பாதியளவேனும் மண்ணுள் இறக்கிப் பதித்தல் அவசியம். அதிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழுள்ள கல்லின் பின்விளிம்பில் 5 சென்ரிமீற்றர் அளவு ஏறி அமரவேண்டும்; கல்லின் பின்னால் மண்ணை அன்றிச் சல்லியையே நிரப்பவேண்டும்; ஒவ்வொரு மிதிபரப்பும் முன்பக்கமாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற மிக மெல்லிய சாய்வோடு இருக்கவேண்டும். ரசமட்டம் வைத்துப் பூரண சமமாக அமைத்த படி வல்லமையுள்ள வேலைபோலத் தோன்றினும், அதிலே நீர் நிற்கும். நீர் நின்ற இடத்திற் பாசி பிடிக்கும்.

நடைபாதைக்கும் இதுவே விதி; வேறுபாடு சிறிது. பாதையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாகவேனும் இரு பக்கமாகவேனும் நூற்றுக்கு இரண்டு என்ற சாய்வு கொடுத்து, ஓரத்தில் நிறுத்துக்கற்கள் பதித்து, பலகைக்கற்களை ஓர் அங்குல மணற்படுக்கையில் இருத்தி, இடுக்குகளைக் கல்தூளால் அல்லது புல்லால் நிரப்பலாம். பெரிய கற்களை ஓரத்திலும் சிறியவற்றை நடுவிலும் வைப்பது உறுதிக்கு ஏற்றது. சிறிய துண்டு ஓரத்தில் இருந்தால் முதலிற் கழன்றுபோவது அதுவே.

மண்ணிற் பதிப்பதா, சீமெந்திட்டுக் கட்டுவதா என்ற வாதத்தில் இரு சாராருக்கும் நியாயம் உண்டு. சீமெந்தின்றி அடுக்கிய கல் நீரை இடுக்கில் இறக்கிவிடுகிறது. பலாமரத்து வேர் ஒரு கல்லைத் தூக்கினால் அலவாங்கு கொண்டு அக்கல்லை மாத்திரம் பெயர்த்து மீண்டும் வைத்துவிடலாம். கொங்கிறீற்றின்மேல் ஒட்டிய கல்லோ, அடியில் மண் நகர்ந்தவுடன் நீளமாக வெடிக்கும். வெடிப்பிற் புகுந்த நீர் வெளிவர வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும். இக்காரணங்களால் எனது அபிப்பிராயம் முதல் முறையின் பக்கமே சாய்கிறது. ஆனால் அம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு; அது கல்லின் பாரம். 120 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 15 கனமும் உடைய ஒரு படிக்கல் ஏறத்தாழ 195 கிலோகிராம் நிறையுடையது. லொறி அணுக முடியாத மேட்டுக்கு அத்தகைய இருபது கற்களைத் தோளிலும் அலவாங்கிலும் ஏற்றுவது ஆபத்தானது, செலவும் மிகுந்தது. அத்தகைய இடங்களில், ஒருவர் தூக்கக்கூடிய காட்டுக்கருங்கற்களால் சீமெந்துக் கலவையிட்டு அடிக்கட்டு எழுப்பி, அதன் முகத்திலே நீர்க்கசிவுத் துளைகள் விட்டு, மேலே நைஸ் பலகைகளைப் பாவுவதே தக்கது. இம்முறையைப் பயன்படுத்துகின்றவர்கள் துளையை மறந்துவிடாமலிருந்து, நாலைந்து மீற்றருக்கு ஒருமுறை கட்டைப் பிரித்து இடைவெளியும் விட்டால், அதன் குறைகள் பெரும்பாலும் நீங்கும்.

படியின் ஓரத்தில் மண்ணைத் தாங்கும் அணை வேண்டியிருப்பின், இடுப்பளவு உயரம்வரை அடுக்குக்கல்லணை போதும். அதுவும் மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிற்கவேண்டும். அதற்கு மேற்பட்ட உயரத்தை மேசனுடைய கைப்பழக்கத்துக்கு மாத்திரம் விட்டுவிடுதல் தகாது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டட வேலைக்கு முன்னர் நிலத்தைப் பரிசோதித்து அனுமதிக்கு வேண்டிய பரிந்துரை வழங்கிவருகிறது. கண்டி மாவட்டமும் அவற்றுள் ஒன்று. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிற் கண்டி மாவட்டத்துச் சரிவுகள் பல இடிந்து உயிர்களைக் கொண்டுசென்றதையும் கண்ட மக்கள், சரிவின் அடிவாரத்தை வெட்டுவது ஒருவருடைய சொந்தக் காணி விஷயம் மாத்திரமே என இனிமேலும் கருத முடியாது. மேல்வீட்டார் வெட்டிய படியின் நீர் கீழ்வீட்டாருடைய சுவரில் இறங்குகிறது. ஆதலால் படிவழி அயலாரோடு கலந்து தீர்மானிக்கவேண்டிய பொதுக்கருமமாகும்.

கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டல் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கல் உடைப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. மகாவலியின் படுகையிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் உருண்டைக்கற்களை அள்ளிவருவது மலிவாகத் தோன்றலாம். ஆயினும் அக்கற்கள் ஆற்றங்கரையின் காவல். அவற்றை நீக்கினாற் கரை அரியும். அன்றியும் நீரில் உருண்டு வழுவழுப்பான கல் படிக்கு ஏற்றதுமன்று. இடிக்கப்படும் பழைய வீடுகளின் அத்திவாரக் கற்களைத் தேடி வாங்குதல், புதிய மலையை உடைப்பதிலும் நன்று. அவை மழையையும் வெயிலையும் ஏற்கெனவே கண்டவை.

பாவியபின் பரிபாலனம் தொடங்குகிறது. நிழல் மிகுந்த கண்டித் தோட்டங்களிற் பாசியே பெரிய பகை. அதிற் கால் வழுக்காதிருக்கக் கல்லின் மேற்பரப்பு பொளிந்ததாக இருத்தல் வேண்டும். ஆண்டுகள் பல மிதிபட்டுத் தேய்ந்தபின், தேய்ந்த அம்மியைக் கொத்துவதுபோலப் படியின் முன்விளிம்பையும் மீண்டும் கொத்திவிடுதல் நலம். மாரிக்கு முன்னர் மேலே கவிந்த கிளைகளைக் கழித்து வெயிலை விடுதலும், தேங்காய்நார்த் தூரிகையாற் கல்லைத் தேய்த்தலும், கானில் அடைந்த இலையை அள்ளுதலும் போதுமான வைத்தியமாகும். கடும் அமிலங்களை ஊற்றுவது கல்லையும் செடியையும் கீழ்வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும்.

இவ்வளவும் செய்கின்றவர்கள் கல்வேலைக்காரர்களே. இயந்திரத்தாற் கல்லை அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலைத் திரும்பப் பெறமுடியாதவாறு கெடுப்பதாகையால், நீர் ஊற்றி அறுக்கச் செய்வதும் தகுந்த முகக்கவசம் கொடுப்பதும் வீட்டுக்காரருடைய தயவு அல்ல; கடமை. விரைவாக முடித்தவருக்கு அன்றி, ஒரு கல்லை மூன்று முறை எடுத்துத் திருப்பிப் பார்த்து இருத்துகின்றவருக்கே கூலியை மனமுவந்து கொடுக்கவேண்டும். படியின் ஆயுள் அந்த மூன்றாம் முறையிலேதான் இருக்கிறது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பணத்தைச் செலவிடும் வரிசையே இப்பிரச்சினையின் தீர்வு என்பது புலனாகும். முதற் பணம் கானுக்கு, இரண்டாவது அடித்தளத்துக்கு, மூன்றாவது கல்லிருத்தும் கைக்கு, கல்லின் அழகுக்கு எஞ்சியதே போதும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் இருமுறை செலவிடுகின்றார்கள். படி வைக்க எண்ணுகின்றவர் எந்த மேசனையும் அழைப்பதற்கு முன்னர், ஒரு கனமழையின் நடுவே குடையோடு தமது காணியில் நின்று, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். அதைவிடச் சிறந்த வரைபடம் வேறில்லை. கண்டி மாநகர சபையும் பிரதேச சபைகளும் தொழினுட்பக் கல்லூரிகளும், அடுக்குக்கல் வேலையையும் கான் வெட்டும் முறையையும் இன்னும் கைவசம் வைத்திருக்கும் தோட்டத்து முதியவர்களிடமிருந்து அவற்றைக் கேட்டு, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு சிறு கைந்நூலாக்கி, கட்டட அனுமதியோடு ஒவ்வொரு வீட்டாருக்கும் கொடுக்குமாயின், எத்தனையோ சரிவுகள் காக்கப்படும். அவ்வறிவு அம்முதியவர்களோடு மறைந்துபோகுமுன் அதைச் செய்யவேண்டும்.